‘இந்த வருசம் பேப்பர் உண்டுமா சார்?’

வகுப்பு, வேல்யுவேஷன், ஃபைல்... இதுக்கு நடுவுல ஆராய்ச்சியா? நாஞ்சில் நாட்டு வாத்தியார்கள் ஏற்கெனவே வழி போட்டு வச்சிருக்காங்க!

ஜூன் மாதம். காலேஜ் திறந்தாச்சு. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நீங்கள் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே ஹெச்.ஓ.டி. சாதாரணமாகக் கேட்கிறார். ‘‘என்ன சார், இந்த வருசம் பேப்பர் உண்டுமா?’’

டீ தொண்டையிலேயே நிற்கிறது. ‘‘பண்ணிட்டிருக்கேன் சார்...’’ என்று இழுக்கிறீர்கள். போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள். அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பொய் சொல்லணும்னு சொல்லலை. நேரம் எங்கே இருக்கு? யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதுக்கு நோட்ஸ் எடுக்கணும். இன்டர்னல் பேப்பர் திருத்தணும். ‘நாக்’ கமிட்டி வருதுன்னா ஃபைல் அடுக்கணும். என்.எஸ்.எஸ். கேம்ப், அட்மிஷன் டியூட்டி, எக்ஸாம் டியூட்டி, வேல்யுவேஷன் கேம்ப்... லிஸ்ட் நீளும். சுயநிதிப் பிரிவில் இருந்தாலோ, கௌரவ விரிவுரையாளராக இருந்தாலோ சம்பளம்தான் குறையும், சோலி குறையாது. சாயந்திரம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, ‘ஆராய்ச்சியை லீவுல பாத்துக்கிடலாம்’ என்று மனசு சமாதானம் சொல்லும். லீவு வந்தால் கல்யாண வீடும் பால்காய்ப்பும் வரிசை கட்டி நிற்கும்.

அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. ‘பன்னாட்டு ஆய்விதழ். 72 மணி நேரத்தில் வெளியீடு. சர்டிபிகேட் உண்டு. கட்டணம் மிகக் குறைவு!’

உங்கள் விரல் அந்த லிங்க் மேல் நிற்கிறது. அமுக்கலாமா, வேண்டாமா?

கொஞ்சம் பொறுங்க. இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

சர்டிபிகேட்டில் இருக்கிற வாத்தியார்

குமரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரியில் படித்தவரா நீங்கள்? டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று இருக்கும். 1990-ல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழகம். ‘யார் இந்தச் சுந்தரனார்?’ என்று கேட்டால், ‘மனோன்மணீயம் நாடகம் எழுதினவர், தமிழ்த்தாய் வாழ்த்து அவரோடது’ என்று பட்டென்று சொல்லிடுவீங்க. சரிதான். ஆனால் அவர் நம்மை மாதிரி ஒரு காலேஜ் வாத்தியார் என்பதை மறந்துடுறோம்.

பெ.சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். வகுப்பில் எடுத்தது தத்துவம். 1891-ல் நாடகம் வந்தது. கூடவே கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தார். திருவிதாங்கூரின் பழைய அரசர்கள் பற்றி 1894-ல் ஆங்கிலத்தில் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். மறு வருஷமே, திருஞானசம்பந்தர் எந்தக் காலத்தவர் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இன்னொன்று. 1897-ல் இறந்தபோது அவருக்கு வயசு 42 தான்.

கல்வெட்டு அவருடைய சிலபஸில் இல்லை. ஆனால் அவர் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருந்தது. அந்தத் தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே!

பஸ் தூரத்தில் பெரிய கேள்வி

புதுசா வேலைக்குச் சேர்ந்த பலரும் செய்கிற முதல் தப்பு, கேள்வியை ரொம்ப தூரத்தில் தேடுவது. பெரிய பல்கலைக்கழகத்தில், கோடி ரூபாய் மெஷினை வைத்துச் செய்கிற ஆராய்ச்சியைப் பார்த்து, அதையே நம்ம காலேஜ் லேபில் சின்ன அளவில் செய்ய நினைப்பது. மெஷின் கிடைக்காது, சாம்பிளை வெளியூருக்கு அனுப்பணும், ரிசல்ட் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ளே அங்கே இருக்கிறவங்க நாலு பேப்பர் போட்டிருப்பாங்க. ஓட்டப்பந்தயத்தில் அவங்களுக்கு ஷூ, நமக்கு வெறுங்கால்.

நம்ம ஊர்க்காரங்க என்ன செய்தாங்கன்னு பாருங்க.

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்தது பள்ளிக்கூட வாத்தியாராக. நமக்குத் தெரிந்தது அவருடைய குழந்தைப் பாட்டுகள். ஆனால் அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. ‘காந்தளூர்ச்சாலை’ என்று ஆய்வு நூலே எழுதியிருக்கிறார். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் கிடந்த பழைய ஓலைகளைப் படியெடுத்ததும் அவர்தான். நாஞ்சில் நாட்டின் நிலம், வரி, வழக்கு, அடிமை முறை என்று எத்தனையோ விஷயங்கள் அந்த ஓலைகளில் இருந்தன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே.கே.பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். 1953-ல் வெளிவந்த அவருடைய முக்கியமான நூல் எதைப் பற்றி? சுசீந்திரம் கோயிலைப் பற்றி! நாம் மார்கழித் தேரோட்டத்துக்குப் போய் வருகிற அதே கோயில். ஒரே கோயிலின் கல்வெட்டு, நிர்வாகம், நிலம், வழிபாடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றையே எழுதினார்.

அடுத்த தலைமுறையில் அ.கா.பெருமாள். ஆரல்வாய்மொழி அறிஞர் அண்ணா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பெரிய நூலகமோ ஆய்வு மையமோ உள்ள இடம் அல்ல அது. ஆனால் அவர் ஊர் ஊராகப் போனார். தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களிடம், வில்லுப்பாட்டுக்காரர்களிடம், கோயில் கொடைகளில் உட்கார்ந்து கேட்டார். எழுதினார். டஜன் கணக்கில் நூல்கள் ஆச்சு. கவிமணி படியெடுத்த அந்த முதலியார் ஓலைகளைப் பற்றியும் எழுதிப் புத்தகமாக்கினார். ஒரு வாத்தியார் செய்து வைத்த வேலை, பல பத்து வருஷம் கழித்து இன்னொரு வாத்தியாருக்குக் கை கொடுத்திருக்கு பாருங்க!

‘‘இதெல்லாம் ஆர்ட்ஸ்காரங்களுக்கு. நான் கெமிஸ்ட்ரி!’’ என்கிறீர்களா? அப்படியானால் மணவாளக்குறிச்சி மணல் கதையைக் கேளுங்கள்.

திருவிதாங்கூரிலிருந்து அந்தக் காலத்தில் தேங்காய் நாரும் கயிறும் ஐரோப்பாவுக்குப் போகும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், அந்தக் கயிறில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைக் கவனித்தார். சோதித்துப் பார்த்தால் அதில் மோனசைட்! தோரியம் இருக்கிற தாது. கேஸ் விளக்கின் மேண்டில் செய்ய அன்றைக்குத் தோரியத்துக்கு ஏகக் கிராக்கி. மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் கால் புதைய நடந்துகொண்டிருந்தார்கள். கேள்வி கேட்க ஒருத்தர் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

இன்றைக்கு எண்ணிப் பாருங்கள். இந்தச் சின்ன மாவட்டத்தில் கடல் இருக்கு, மலை இருக்கு, குளம் இருக்கு. தென்மேற்கு, வடகிழக்கு என ரெண்டு பருவமழையும் உண்டு. சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வருகிற பறவை, நீரின் தரம், சுற்றிலும் மாறுகிற வயல் என ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தது. அதனால் விவசாயிக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது என்பது பொருளாதாரத் துறைக்குக் கேள்வி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவர்களுக்கு எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை? இது தகவல் தொழில்நுட்பத்துக்கும் கேள்வி, சமூகவியலுக்கும் கேள்வி. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடற்கரையில் இருக்கிற பெயர்களை இன்னும் பத்து வருஷம் கழித்துச் சொல்ல ஆள் இருக்குமா? இது தமிழ்த் துறைக்கு.

கணிதமா, கோட்பாட்டு இயற்பியலா? உங்களுக்குப் பேனாவும் கம்ப்யூட்டரும் போதும் என்பதே பெரிய வசதி. லேப் கேட்காத கேள்வி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற தரவு. அதுதான் உங்களுக்குப் பஸ் தூரம்.

ஒரு கேள்வியைப் பிடிப்பதற்கு முன் மூணு சோதனை வையுங்க.

ஒண்ணு, சனிக்கிழமை காலையில் கிளம்பி ராத்திரிக்குள் தரவோடு திரும்பி வர முடியுமா?

ரெண்டு, அந்த ஆளிடமோ இடத்திலோ உங்களுக்கு இருக்கிற அறிமுகம் வெளியூர் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்குமா? மீன் ஏலக் கூடத்தில் உங்க மாமா இருக்கார்னா அது சாதாரண விஷயமில்லை.

மூணு, இதன் பதில் குமரி மாவட்டத்துக்கு வெளியே யாருக்காவது உதவுமா? இந்த மூணாவதுதான் முக்கியம். ‘தேரூர் குளத்தில் இத்தனை பறவை’ என்றால் அது பட்டியல். ‘வயல் குறைந்தால் நீர்ப்பறவை எப்படி மாறும், தேரூரில் பார்த்தோம்’ என்றால் பிரேசிலில் இருக்கிறவரும் படிப்பார்.

அரை மணி நேரக் கணக்கு

சரி, கேள்வி கிடைச்சாச்சு. எழுத நேரம்?

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். முடிவு 1989-ல் வெளியானது. மூணு குழு. முதல் குழு வழக்கம்போல, நேரம் கிடைக்கும்போது எழுதியது. வருஷத்துக்குச் சராசரி 17 பக்கம். ரெண்டாவது குழு தினமும் கொஞ்ச நேரம் எழுதி, எழுதியதைக் குறித்து வைத்தது. 64 பக்கம். மூணாவது குழுவும் அதையேதான் செய்தது, ஆனால் வாரா வாரம் ஒருத்தரிடம் கணக்கு ஒப்புவித்தது. 157 பக்கம்!

யாருக்கும் கூடுதல் லீவு கொடுக்கலை. யாரும் ராத்திரி முழிக்கலை. எழுதின பழக்கம்தான் வேறு.

நம்ம கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், 150 வார்த்தை. வாரத்துக்கு 5 நாள், வருஷத்துக்கு 40 வாரம். மொத்தம் 200 நாள். 30,000 வார்த்தை! அதில் பாதி உருப்படாது, கிழிச்சுப் போடத்தான் வேண்டியிருக்கும். மிச்சம் 15,000. ஆறாயிரம் வார்த்தைக் கட்டுரை என்று வைத்தால்கூட வருஷத்துக்கு ரெண்டு வருது. முதல் மூணு வருஷத்தில் வருஷத்துக்கு ஒண்ணு உருப்படியாக வந்தாலே கொள்ளாம்!

இதில் மூணு விஷயம் கறாராக இருக்கணும்.

நேரம் மாறக் கூடாது. காலையில் முதல் பீரியட் ஃப்ரீயா? லைப்ரரிக்குப் போய்விடுங்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால் ‘‘சார், ஒரு சின்ன சோலி...’’ என்று யாராவது வருவார்கள். டைம்டேபிளில் அதையும் ஒரு வகுப்பாக எழுதி வையுங்கள். வகுப்பை யாரும் கட் பண்ணச் சொல்ல மாட்டாங்க இல்லையா?

படிப்பது வேறு, எழுதுவது வேறு. ‘இன்னும் நாலு கட்டுரை படிச்சிட்டு எழுதலாம்’ என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் அழகான பொய். அந்த அரை மணியில் எழுத்து மட்டும். விவரம் தெரியாத இடத்தில் ‘இங்கே பார்க்கணும்’ என்று போட்டுவிட்டு மேலே போங்கள்.

நாளைக்கு எங்கே தொடங்கணும் என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள். ஒரே ஒரு வரி போதும். மறுநாள் வெள்ளைத் திரையைப் பார்த்து முழிக்க வேண்டாம்.

பாய்ஸ் சோதனையில் மூணாவது குழு ஜெயித்தது, கணக்குக் கேட்க ஒரு ஆள் இருந்ததால். அதனால் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். வேறு துறைக்காரர் என்றால் இன்னும் நல்லது, போட்டி இருக்காது. வெள்ளிக்கிழமை கேன்டீனில் பத்து நிமிஷம். ‘‘மக்கா, இந்த வாரம் எத்தன பக்கம்?’’ அவ்வளவுதான் கேள்வி.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லணும். குமரி மாவட்டக் கல்லூரிகளில் நிறையப் பெண்கள் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். காலையில் சமையல் முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவரிடம் ‘விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுங்க’ என்று சொல்வது அநியாயம். அந்த அரை மணி நேரம் காலேஜ் நேரத்துக்குள்ளேதான் கிடைக்கணும். வீட்டில் இருக்கிற ஆண்களும் இதைப் படித்தால், ராத்திரி பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்க சார். அதுவும் ஆராய்ச்சிக்குச் செய்கிற உதவிதான்!

வகுப்பும் ஆராய்ச்சியும் ஒரே பஸ்ஸில்

பாடம் நடத்துகிற நேரம் ஆராய்ச்சிக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். எம்.எஸ்ஸி., எம்.ஏ. மாணவர்களுக்கு எப்படியும் புராஜெக்ட் உண்டு. பத்துப் பேருக்குப் பத்துத் தலைப்பு கொடுத்தால் பத்து ஸ்பைரல் பைண்டிங், அலமாரியில் தூசி. ஒரே கேள்வியைப் பத்தாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று ஆளுக்கொரு துறைமுகம். வருஷக் கடைசியில் மாவட்டம் முழுவதுக்குமான தரவு கையில் இருக்கும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அதுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.

ஆனா ஒரு நியாயம் உண்டு. வேலை செய்த மாணவர் பெயர் கட்டுரையில் வரணும். வேலை செய்யாதவர் பெயர் வரக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொண்டால் பின்னாடி மனஸ்தாபம் இல்லை.

பக்கத்தில் இருக்கிற நிறுவனங்களையும் தட்டிப் பாருங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ‘டி.பி.எஸ்.’ என்று பெயர் வைத்த நெல் ரகங்கள் அங்கே பிறந்தவைதான். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம். தெளிவான கேள்வியோடு ஒரு பக்கக் கடிதம் எழுதிப் போனால் பேச ஆள் கிடைக்கும்.

படிக்க ஜர்னல் கிடைக்கலையா? 2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கியது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 13,000 ஆய்விதழ்களை இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறது. உங்க காலேஜ் அதில் இருக்கா, இல்லாவிட்டால் ‘என்-லிஸ்ட்’ சந்தா இருக்கா என்று லைப்ரரியனிடம் கேளுங்கள். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ இலவசம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் மின்னூலகம். எதிலும் கிடைக்காத கட்டுரையை எழுதியவருக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள். தன் கட்டுரையை ஒருத்தர் தேடிக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள்.

அந்த 72 மணி நேர மெசேஜ்!

இப்போ உங்க விரலுக்கு வருவோம்.

2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ஒரு குறும்பு செய்தார். லைக்கன் வகை ஒன்றிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து என்று ஒரு பொய்க் கட்டுரை தயார் செய்தார். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி தெரிந்தவரே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தப்புகள். எழுதியவர் பெயர் பொய், நிறுவனம் பொய். அதைக் கட்டணம் வாங்கி வெளியிடும் 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்றன! விவரத்தை ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. போலி ஆய்விதழ் வியாபாரத்தில் இந்தியா முன்வரிசையில் இருப்பதும் அப்போது ஊருக்குத் தெரிந்தது.

முன்பெல்லாம் ‘யு.ஜி.சி. கேர் லிஸ்ட்டில் இருக்கா?’ என்று பார்த்தால் போதும் என்றிருந்தோம். அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. இனி நல்லது கெட்டது பார்ப்பது கல்லூரி, பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அதாவது, உங்க பொறுப்பும்தான்.

எப்படிப் பார்ப்பது? உங்க துறையில் நீங்க மதிக்கிற ரெண்டு பேர் அந்த இதழில் எழுதியிருக்காங்களா? ஆசிரியர் குழுவில் இருக்கிறவரின் கல்லூரிப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு பற்றி இருக்கா? ‘ஸ்கோபஸ்’ என்று போட்டிருந்தால் ஸ்கோபஸ் பட்டியலிலேயே போய் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை ஒத்துப் பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலி வெப்சைட் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கும் இதழ் எல்லாமே போலி அல்ல. ஆனால் மதிப்பீடு செய்ய ஆளே இல்லாமல் மூணு நாளில் வெளியிடுகிறேன் என்பவர் விற்பது வேறு சரக்கு.

‘எல்லாரும் போடுறாங்களே சார்’ என்று தோணும். தோணத்தான் செய்யும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்கிறாங்க, பக்கத்து சீட்காரர் பன்னிரண்டு போட்டிருக்கார். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க பெயரோடு இணையத்தில் ஏறுவது இறங்காது. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த இதழின் பெயரைப் படித்துவிட்டு மௌனமாகச் சிரிப்பார். உங்க மாணவர் ஒருநாள் அதைத் தேடிப் படிப்பார். முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல்: ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகணும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்க பல்கலைக்கழக விதி என்ன என்று கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. இல்லாத கட்டாயத்துக்குப் பணம் கட்டாதீங்க!

ஏ.ஐ.க்கும் இதே எச்சரிக்கை. ஆங்கிலம் திருத்த, வார்த்தை தேட உதவும். ஆனா இல்லாத கட்டுரையை இருக்கிற மாதிரி மேற்கோள் காட்டும். அது கொடுக்கிற ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து பார்க்காமல் சேர்த்தால், மாட்டிக்கொள்வது அது இல்லை, நீங்கதான்.

திரும்பி வந்தா என்ன?

நல்ல இதழுக்கு அனுப்பினால் திரும்பி வரும். கண்டிப்பா வரும். முதல் நாள் யாரிடமும் பேசப் பிடிக்காது. சங்குத்துறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாங்க. மறுநாள் மதிப்பீட்டாளர் எழுதியதை மூணாகப் பிரியுங்கள். உடனே திருத்தக்கூடியது, இன்னும் தரவு வேண்டியது, அவர் தப்பாகப் புரிந்துகொண்டது. மூணாவதில் பெரும்பாலும் நாம் தெளிவாக எழுதவில்லை என்றே அர்த்தம். ஒரு மாதத்துக்குள் திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். துறை தெரிந்த ஒருத்தர் காசு வாங்காமல் உங்க கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருக்கார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

லேட்டாகுதேன்னு கவலையா? சரக்கல்விளைக்காரரான கே.சிவன், நாகர்கோவில் தெ.தி.இந்துக் கல்லூரியில் படித்தவர். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ராக்கெட் வேலைக்கு நடுவே அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்தபோது ஐம்பது வயசு நெருங்கிவிட்டது. 2018-ல் இஸ்ரோ தலைவர்!

முதல் வருஷத்துக்கு ஒரு பிளான்

ஜூன், ஜூலை: மூணு கேள்வி எழுதி, மூணு சோதனையும் வைத்து ஒண்ணை எடுங்கள். கூட்டாளியைப் பிடியுங்கள். தினசரி அரை மணி தொடங்கட்டும்.

ஆகஸ்ட் - அக்டோபர்: சனிக்கிழமைகளில் களப்பணி. வந்த அன்றைக்கே குறிப்பை டைப் அடித்து, தேதி, இடம், யார் சொன்னது என்று போட்டு, ரெண்டு இடத்தில் சேமியுங்கள்.

நவம்பர், டிசம்பர்: வடகிழக்குப் பருவமழை. வெளியே போக முடியாது. தரவை அட்டவணையாக்கி, முதல் வரைவை முடியுங்கள்.

ஜனவரி: துறைக்கு வெளியே ஒருத்தர், துறைக்குள் ஒருத்தர் படிக்கட்டும். ‘எங்கே போரடிக்குது?’ என்று கேளுங்கள்.

பிப்ரவரி, மார்ச்: திருத்தி, இதழைச் சோதித்து, அனுப்புங்கள். அனுப்பிய மறுநாளே அடுத்த கேள்வி.

ஏப்ரல், மே: வேல்யுவேஷனும் கல்யாண வீடும். குற்ற உணர்ச்சி இல்லாமல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடுங்க. சம்பாதிச்ச லீவு!

நீங்க எழுதலேன்னா...

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒருத்தர் செய்கிற ஆராய்ச்சியை அவர் செய்யாவிட்டால் இன்னொருத்தர் செய்துவிடுவார். அழகியபாண்டியபுரம் ஓலைகளைக் கவிமணி படியெடுக்காமல் விட்டிருந்தால்? செல்லும் கரையானும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இன்றைக்கும் உங்க ஊரில் ஏதோ ஒரு வீட்டு மச்சில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கு. கடற்கரையில் ஒரு தாத்தா, காற்றின் பெயரை எல்லாம் மனசில் வைத்திருக்கார். ஒரு குளம் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கு. அதைப் பார்க்கிற தூரத்தில், பார்த்து எழுதுகிற படிப்போடு இருக்கிறவர் நீங்கள்தான்.

அடுத்த ஜூனில் அதே ஸ்டாஃப் ரூம், அதே டீ, அதே கேள்வி வரும். ‘‘என்ன சார், இந்த வருசம் பேப்பர் உண்டுமா?’’

‘‘உண்டு சார். ஒண்ணே ஒண்ணு. தேரூர் குளம் பத்தி. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.’’

அதைச் சொல்லும்போது டீ நிம்மதியா இறங்கும். அந்த மெசேஜை டெலீட் பண்ணிட்டீங்கதானே?